எக்கோவில் ஓட்டை இல்லை, ஆனால் வலது இதயம் விரிந்திருக்கிறது: 41 வயதில் தெரியவரும் பிறவிக் குறை

கேள்வியின் சுருக்கம்: அக்காவுக்கு 41 வயது. நான்கைந்து வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். இப்போது படபடப்பும் சேர்ந்துகொண்டதால் எக்கோ எடுத்திருக்கிறார்கள். வலது மேலறையும் வலது கீழறையும் விரிந்துள்ளன, நுரையீரல் தமனி அழுத்தம் 48, மேலறைத் தடுப்புச்சுவரில் ஓட்டை இல்லை, இடது பக்கம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நுரையீரல் பிரஷர் என்று சொல்லி, நுரையீரல் ரத்தக் குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது பிறவிக் குறையாக இருக்குமா, இருந்தால் இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது, அடுத்து என்ன செய்வது?

பிறவிக் குறையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. "வலது இதயம் விரிந்திருக்கிறது" என்பது ஒரு விளைவுதான், அது நோயின் பெயர் அல்ல. அதற்குக் காரணம் என்று ஒன்று இருந்தே தீரும். நுரையீரல் நோய், நுரையீரல் தமனியில் பழைய ரத்தக்கட்டி, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள டிரைகஸ்பிட் வால்வின் கடும் கசிவு, வலது கீழறைத் தசையின் பரம்பரை நோய் என்று பட்டியல் உண்டு. ஆனால் இடது பக்கம் நன்றாக இருந்து, நுரையீரலும் பெரிதாகக் கெடாமல், வலது பக்கம் மட்டும் விரிந்திருந்தால் முதலில் தேட வேண்டியது எக்கோ கண்ணுக்குத் தப்பிய ஓர் ஓட்டையைத்தான். அதில் முதல் சந்தேகம் சைனஸ் வீனோசஸ் குறைபாட்டின் மேல் விழ வேண்டும். அது இல்லை என்று உறுதிசெய்யும் வரை "காரணம் தெரியாத நுரையீரல் பிரஷர்" என்ற முடிவை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மேலறைகளுக்கு இடையிலான ஓட்டைகளில் பெரும்பாலானவை தடுப்புச்சுவரின் நடுவில் வருபவை. பட்டன் வைத்து மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது இந்த வகைக்கு. சைனஸ் வீனோசஸ் என்பது மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். இதில் நடுச்சுவர் முழுசாக இருக்கும். குறை இருப்பது அதற்கு மேலே, பின்பக்கம், தலை, கைகளிலிருந்து அசுத்த ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வலது மேலறையில் சேரும் இடத்தில். அந்தச் சிரைக்குப் பின்னால் ஒட்டியபடி வலது நுரையீரலின் மேல் சிரை, சுத்த ரத்தத்தோடு இடது மேலறைக்குப் போகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள பொதுச் சுவர் இல்லாமல் போனால் எப்படியோ அப்படித்தான் இதுவும். நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தம் இடப்பக்கம் போவதற்குப் பதில் மேற்பெருஞ்சிரைக்குள் கலந்து மறுபடி வலது இதயத்துக்கே வருகிறது. அதோடு, அந்த இடைவெளி வழியாக இடது மேலறை ரத்தமும் வலப்பக்கம் சாய்கிறது. வலது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ரத்தத்தைத் தள்ளித் தள்ளி விரிந்துபோகிறது.

ரிப்போர்ட்டில் "தடுப்புச்சுவரில் ஓட்டை இல்லை" என்று எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பார்த்தவர் நடுச்சுவரைப் பார்த்தார், அது முழுசாகத்தான் இருந்தது. நெஞ்சின் மேல் வைக்கும் எக்கோ கருவிக்கு மேற்பெருஞ்சிரை சேரும் இடம் மிகத் தொலைவு, நடுவில் நுரையீரல் காற்று வேறு மறைக்கும். குழந்தைகளுக்கு வயிற்றுக்கு மேலிருந்து பார்த்தால் அந்த இடம் நன்றாகத் தெரியும். பெரியவர்களுக்கு, கொஞ்சம் உடம்பும் இருந்தால், அந்தக் கோணம் பெரும்பாலும் கிடைக்காது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்து பார்த்தால் சிலருக்குத் தெரியவரும். வழக்கமான எக்கோவில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, சந்தேகப்பட்டுத் தேடினால்தான் உண்டு.

இத்தனை வருடம் தெரியாமல் இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. இந்த வகைக் குறையில் உடம்புக்குப் போகும் ரத்தம் சுத்தமாகவே இருக்கும், ஆக்சிஜன் அளவு 97, 98 என்று காட்டும், குழந்தை நீலம் பூக்காது. இளமையில் வலது கீழறை கூடுதல் பாரத்தைச் சலிக்காமல் சுமக்கும். நாற்பதை ஒட்டி ஏன் வெளிப்படுகிறது என்றால், வயதோடு இடது கீழறையின் தசை விறைப்பாகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் விறைக்கும். இடது பக்கம் ரத்தத்தை ஏற்க மறுக்க மறுக்க, இடது மேலறையில் அழுத்தம் கூடி, ஓட்டை வழியாக வலப்பக்கம் சாயும் ரத்தமும் கூடுகிறது. ஓட்டையின் அளவு மாறவில்லை, ஒழுக்குதான் அதிகமாகியிருக்கிறது. மேலறை விரிந்து விரிந்து அதன் மின்னோட்டமும் குழம்பத் தொடங்கும்போது படபடப்பு வருகிறது. அதற்குள் நம் ஊரில் இவர்களில் பலருக்கு ஆஸ்துமா, மனப்பதற்றம், ரத்தசோகை என்று ஏதோ ஒரு முத்திரை விழுந்திருக்கும்.

புதிய பரிசோதனைக்குப் போகுமுன் கையில் இருப்பதைத் தோண்டிப் பாருங்கள். பழைய ஈசிஜியில் "இன்கம்ப்ளீட் ஆர்பிபிபி" (வலது கீழறைக்கு மின்னோட்டம் போவதில் சிறு தாமதம்) என்று எழுதியிருந்தால் அது ஒரு தடயம். தனியாக அது இருந்தால் ஆரோக்கியமானவருக்கும் வரலாம், ஆனால் விரிந்த வலது இதயத்தோடு சேர்ந்து வந்தால் பொருள் வேறு. ஈசிஜியின் 2, 3, ஏவிஎஃப் என்ற பதிவுகளில் பி அலை (மேலறையின் மின்னலை) தலைகீழாக இருந்தால் சைனஸ் வீனோசஸ் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் இதயத்தின் இயற்கையான பேஸ்மேக்கரான சைனஸ் கணு உட்கார்ந்திருக்கும் இடமே குறை இருக்கும் இடத்தை ஒட்டித்தான். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் தமனி புடைத்து, நுரையீரல் ரத்தக் குழாய்கள் நிறைந்து தெரிந்தால் அதுவும் சேர்த்தி. ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டாவது இதய ஒலி இரண்டாகப் பிளந்து, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்த இடைவெளி மாறாமல் நின்றால் மேலறை ஓட்டைக்கு அது பழைய, நல்ல அடையாளம்.

எக்கோ ரிப்போர்ட்டிலேயே இரண்டு விஷயம் கவனியுங்கள். அந்த 48 என்ற எண் நேரடியாக அளந்தது அல்ல, கணக்குப் போட்டது. டிரைகஸ்பிட் கசிவின் வேகம் நொடிக்கு 3.1 மீட்டர் என்றால், 4 × 3.1 × 3.1 = 38; அதோடு வலது மேலறை அழுத்தம் என்று 10 சேர்த்தால் 48. அந்த 10 ஊகம். எனவே இது முதற்கட்டமாக வடிகட்டிப் பார்க்கும் எண்தான், தீர்ப்பு எழுதும் எண் அல்ல. இரண்டாவது, கீழறைத் தடுப்புச்சுவர் தட்டையாகிறது என்று எழுதியிருந்தால், எப்போது என்று பாருங்கள். இதயம் விரியும்போது மட்டும் தட்டையானால் அளவுக்கு மீறிய ரத்தம் காரணம். சுருங்கும்போதும் தட்டையானால் அழுத்தமும் நிஜமாகவே கூடியிருக்கிறது.

மூச்சுத்திணறலுக்காக முன்பு எப்போதாவது நெஞ்சு சிடி எடுத்திருந்தால் அந்தச் சிடியின் டிஸ்க்கைத் தேடி எடுங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. நுரையீரலைப் பார்க்க எடுத்த சிடியில்கூட வலது மேல் நுரையீரல் சிரை மேற்பெருஞ்சிரைக்குள் போய்ச் சேர்வது தெரிந்துவிடும், தெரிந்தவர் தேடிப் பார்த்தால். அதைப் பார்த்துச் சொல்ல இதய ரேடியாலஜிஸ்டுக்குப் பத்து நிமிடம் போதும். செலவே இல்லாமல் விடை கையில் இருந்ததாகக்கூட முடியலாம்.

இனிப் புதிய பரிசோதனைகள். எளியது பபிள் எக்கோ. 9 மில்லி சலைனையும் 1 மில்லி காற்றையும் இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே வேகமாக அடித்துக் கலக்கி, நுண்குமிழிகளாக்கி, கை நரம்பில் செலுத்தி எக்கோவில் பார்ப்பார்கள். வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு மூன்று துடிப்புக்குள் குமிழி தாண்டினால் வழி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இதில் ஏமாற இரண்டு இடம் உண்டு. நுரையீரல் சிரை மட்டும் தடம் மாறி, ஓட்டை இல்லாமல் இருந்தால் பபிள் டெஸ்ட் நார்மலாகவே வரும். இன்னொன்று, எந்தக் கையில் செலுத்தினார்கள் என்பது. இடது பக்கத்திலும் ஒரு மேற்பெருஞ்சிரை மிச்சமாக இருந்து, அது இதயத்தின் பின்னுள்ள கரோனரி சைனஸ் என்ற சிரையின் கூரை இல்லாத பகுதி வழியாக இடது மேலறையில் திறக்கிற மிக அரிய குறை ஒன்று உண்டு. அதில் இடது கையில் செலுத்தினால்தான் குமிழி நேரே இடது மேலறையில் முதலில் தோன்றும். வலது கையோடு நிறுத்தினால் தப்பிவிடும். காரணம் தெரியாத பக்கவாதமோ மூளைச் சீழ்க்கட்டியோ முன்பு வந்திருந்தால் இடது கையிலும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

தொண்டை வழி எக்கோ அடுத்தது. உணவுக்குழாய் இடது மேலறைக்கு நேர் பின்னால் இருப்பதால், நெஞ்சிலிருந்து தெரியாத அந்த மூலை அங்கிருந்து பளிச்சென்று தெரியும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும், தொண்டையில் மரப்பு ஸ்பிரே, லேசான மயக்க ஊசி. பரிசோதனை பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். தொண்டை மரத்திருக்கும் வரை தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு மணி நேரம் பொறுங்கள், அன்று வண்டி ஓட்டாமல் கூட ஒருவர் போய் அழைத்து வரட்டும். விழுங்குவதில் சிரமமோ, கல்லீரல் நோயால் உணவுக்குழாயில் நரம்பு புடைப்போ இருந்தால் முன்னதாகவே சொல்ல வேண்டும். செய்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மேற்பெருஞ்சிரை சேரும் இடத்தையும் நான்கு நுரையீரல் சிரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள்." நடுச்சுவரைப் பார்த்துவிட்டு ஓட்டை இல்லை என்று முடித்தால் மறுபடி அதே கதைதான்.

ஆனாலும் வலது மேல் சிரைகள் எவ்வளவு உயரத்தில், எத்தனையாகப் பிரிந்து மேற்பெருஞ்சிரையில் சேர்கின்றன என்பதைச் சிடி ஆஞ்சியோவோ எம்ஆர்ஐயோதான் முழுசாகக் காட்டும். சிகிச்சை எந்த முறை என்பதைத் தீர்மானிப்பதே அந்த உயரம்தான். சிடி சீட்டில் "ஈசிஜி கேட்டட், மேற்பெருஞ்சிரை முழுவதும், எல்லா நுரையீரல் சிரைகளும்" என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும் (ஈசிஜி கேட்டட் என்றால் இதயத் துடிப்போடு இணைத்துப் படமெடுப்பது). கரோனரி சிடி என்று மட்டும் போட்டால் மேல் பகுதி படத்தில் வெட்டுப்பட்டுப் போகலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் சாயம் செலுத்த வேண்டும். கர்ப்பம் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, அதோடு நுரையீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, உடம்புக்கு எவ்வளவு போகிறது என்ற விகிதத்தையும் ஊசி இல்லாமலே அளக்கலாம்.

நுரையீரல் அழுத்தம் கூடியிருப்பதால் உங்கள் அக்காவுக்குக் கத்தீட்டர் பரிசோதனையும் தேவைப்படும். தொடைச் சிரை வழியாகக் கம்பி செலுத்தி ஒவ்வோர் அறையிலும் அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் எடுப்பார்கள். இந்த நோயில் எளிதாக நடக்கும் ஒரு பிழை இங்கே ஒளிந்திருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன்.

கணக்குக்கு உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு வேண்டும். மேற்பெருஞ்சிரை அளவை மூன்றால் பெருக்கி, கீழ்ப்பெருஞ்சிரை அளவைக் கூட்டி, நான்கால் வகுப்பது வழக்கம். மேற்பெருஞ்சிரையில் உயரத்தில், அதாவது தடம் மாறிய நுரையீரல் சிரை வந்து சேருமிடத்துக்கு மேலே, எடுத்த அளவு 68 என்று வையுங்கள். கீழ்ப்பெருஞ்சிரை 72. (3 × 68 + 72) ÷ 4 = 69. மகாதமனியில் 97, நுரையீரல் சிரையில் 98, நுரையீரல் தமனியில் 84. விகிதம் (97 − 69) ÷ (98 − 84) = 28 ÷ 14 = 2. உடம்புக்குப் போவதைப் போல் இரண்டு மடங்கு நுரையீரலுக்குப் போகிறது, மூட வேண்டிய குறை. இப்போது அதே நோயாளிக்குக் கம்பியைச் சற்றுக் கீழே வைத்து எடுத்தால், நுரையீரல் சிரையின் சுத்த ரத்தம் அங்கே கலந்துவிட்டிருப்பதால் 68க்குப் பதில் 80 காட்டும். (3 × 80 + 72) ÷ 4 = 78. விகிதம் (97 − 78) ÷ 14 = 1.36. ஒன்றரைக்குக் கீழே வந்துவிட்டது, "சின்ன ஒழுக்குதான், பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட வாய்ப்பு. நோயாளி அதே ஆள், இதயம் அதே இதயம், கம்பி சில சென்டிமீட்டர் கீழே இருந்தது மட்டும்தான் வித்தியாசம். ஆகவே சாம்பிள் மேற்பெருஞ்சிரையின் உச்சியிலோ அதற்கு மேல் உள்ள இன்னாமினேட் சிரையிலோ எடுக்கப்பட்டதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

அடுத்த கணக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களின் தடை. சில்டெனாஃபில் விஷயம் இதோடுதான் சேர்ந்தது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 30, இடது மேலறை அழுத்தம் 10 என்றால் வித்தியாசம் 20. நுரையீரலுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ரத்தம் போனால், 20ஐ 10ஆல் வகுத்து, தடை 2 உட் யூனிட் (இந்தத் தடையை அளக்கும் அலகு). 4 லிட்டர்தான் போகிறது என்றால் அதே அழுத்தத்துக்குத் தடை 5. முதலாமவருக்குக் குழாய்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, அதிக ரத்தம் போவதால் அழுத்தம் கூடியிருக்கிறது, ஓட்டையை அடைத்தால் அழுத்தம் தானாக இறங்கும். இரண்டாமவருக்குக் குழாய்களே தடித்து நோய்ப்பட்டுவிட்டன. எக்கோ இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். முதல் வகை ஆளுக்கு நுரையீரல் குழாய்களை விரிக்கும் மாத்திரை கொடுத்தால் தடை இன்னும் குறைந்து, வலப்பக்கம் சாயும் ரத்தம் அதிகமாகுமே தவிர நோய் தீராது. அதனால் அளந்து பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடங்குவது சரியான வரிசை அல்ல. அதற்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கத்தீட்டர் முடிவு வரும் வரை தொடர்வதா என்று எழுதிக் கொடுத்தவரிடமோ இரண்டாவதாகப் பார்ப்பவரிடமோ நேரடியாகக் கேளுங்கள்.

2020இல் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்வது சுருக்கமாக இது: வலது கீழறை பாரத்தால் விரிந்திருந்து, தடை 3 உட் யூனிட்டுக்குக் கீழே இருந்தால், தொந்தரவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மூட வேண்டும். 3க்கும் 5க்கும் இடையில், விகிதம் ஒன்றரைக்கு மேல் இருந்தால் மூடுவதைப் பரிசீலிக்கலாம். 5ஐத் தாண்டியிருந்தால் முதலில் மருந்து, தடை இறங்கினால் மட்டுமே மறுபடி யோசனை, அப்போதும் சிறு துளை விட்டு மூடுவது பற்றித்தான் பேச்சு. ரத்தம் வலமிருந்து இடமாகத் திரும்பி ஓடத் தொடங்கி, உதடு நீலம் பூத்து, விரல் நுனி உருண்டுவிட்ட நிலையில் மூடக்கூடாது. அந்த ஓட்டைதான் அப்போது வலது கீழறைக்கு மூச்சுவிடும் வழி, அடைத்தால் அது தோற்றுவிடும். பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் ஓய்வில் ஒரு தடவை, ஆறு நிமிடம் நடந்துவிட்டு ஒரு தடவை பார்த்துக் குறித்துவையுங்கள். நடந்தால் அளவு இறங்குகிறது என்றால் அதை மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மூடுவது எப்படி? பட்டன் இதற்குப் பொருந்தாது. பட்டன் நிற்கச் சுற்றிலும் விளிம்பு வேண்டும், இங்கே மேல்பக்கம் விளிம்பே இல்லை. தடம் மாறிய சிரையையும் இடது மேலறைக்குத் திருப்பியாக வேண்டும். நுரையீரல் சிரை தாழ்வாக, மேலறையை ஒட்டிச் சேர்ந்தால் அறுவை சிகிச்சையில் ஒரு ஒட்டு வைத்துத் திருப்பிவிடுவார்கள். உயரத்தில் சேர்ந்தால் வார்டன் அறுவை சிகிச்சை. அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியாவில் ஹெர்பர்ட் வார்டன் குழுவினர் 1984இல் விவரித்த முறை இது. நுரையீரல் சிரை சேருமிடத்துக்கு மேலே மேற்பெருஞ்சிரையை வெட்டி, மேல் நுனியை வலது மேலறையின் காது போன்ற நீட்சியில் தைத்துவிடுவார்கள். வெட்டிய கீழ்த் துண்டின் மேல் வாயை மூடி, அதன் வழியாக வரும் நுரையீரல் ரத்தம் ஓட்டை வழியாக இடது மேலறைக்குப் போகும்படி உள்ளே ஒட்டு வைப்பார்கள். சைனஸ் கணுவை ஒட்டி மேற்பெருஞ்சிரையில் கீறாமல் செய்வதால் துடிப்புக் கோளாறு குறையும் என்பதுதான் இதன் நோக்கம்.

அனுபவமுள்ள இடத்தில் உயிராபத்து நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான். பிறகு தவறாகக்கூடியவை மூன்று. சைனஸ் கணு பலவீனமாகித் துடிப்பு மெதுவாகித் தலைசுற்றலாம். மேற்பெருஞ்சிரை தைத்த இடம் சுருங்கினால் காலையில் முகம் உப்பும், குனிந்தால் தலை பாரமாகும். நுரையீரல் சிரை சுருங்கினால் வலது மேல் நுரையீரலில் மறுபடி மறுபடி நிமோனியா, சளியில் ரத்தம். இதோடு, வீடு திரும்பிய சில வாரத்தில் காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தால் இதயத்தைச் சுற்றி நீர் சேர்கிறதா என்று உடனே எக்கோ பார்க்க வேண்டும், சாதாரணக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. மார்பெலும்பு கூடும் வரை ஆறு முதல் எட்டு வாரம் குடம் தூக்குவது, இரு சக்கர வண்டி ஓட்டுவது, பின்னால் உட்கார்ந்து குலுங்கிப் போவது எல்லாம் தள்ளிவைக்க வேண்டியவை.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நெஞ்சைத் திறக்காமல் செய்யும் வழியும் வளர்ந்திருக்கிறது. துணி போர்த்திய நீள ஸ்டென்ட் (வலைக்குழாய்) ஒன்றை மேற்பெருஞ்சிரையிலிருந்து வலது மேலறை வரை விரித்தால், அங்கே இல்லாமல்போன தடுப்பின் வேலையை அதன் சுவரே செய்துவிடும். நுரையீரல் சிரை ஸ்டென்ட்டுக்குப் பின்னால் இடது மேலறைக்கு வடியும். சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் குழுவினர் இதில் குறிப்பிடத்தக்க பணி செய்தவர்கள். முப்பரிமாண அச்சு மாதிரி போன்ற விலையுயர்ந்த வசதிகள் இல்லாமலே யாருக்கு இது பொருந்தும் என்று எளிய முறையில் தேர்ந்தெடுக்கலாம் என்று 2020இல் எழுதினார்கள். தேர்வின் உயிர்நாடி பலூன் சோதனை. ஸ்டென்ட் வரவேண்டிய இடத்தில் முதலில் பலூனை ஊதி, ஒழுக்கு நிற்கிறதா, நுரையீரல் சிரை அடைபடாமல் இடது மேலறைக்கு வடிகிறதா என்று தொண்டை வழி எக்கோவிலும் சாயத்திலும் பார்ப்பார்கள். சிரை நெருக்கப்பட்டால் அந்த நோயாளிக்கு ஸ்டென்ட் வேண்டாம், அறுவை சிகிச்சைதான். ஸ்டென்ட் நழுவினாலோ சிரையை அடைத்தாலோ உடனே அறுவை செய்ய வேண்டிவரும் என்பதால் இதய அறுவைக் குழு தயாராக உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பின்னாளில் பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் கம்பி அந்த ஸ்டென்ட் வழியாகவே போக வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டிப் பேசிவிடுங்கள். நீண்டகால முடிவுகளில் அறுவை சிகிச்சைக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது, ஸ்டென்ட்டுக்கு அது இன்னும் சேரவில்லை. சிரை உயரத்தில் பல கிளைகளாகச் சேரும் ஒருவருக்குத் தழும்பு இல்லை என்பதற்காக ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

ஒருவேளை இது சைனஸ் வீனோசஸ் இல்லை என்றால்? ஓட்டை இல்லாமல் நுரையீரல் சிரை மட்டும் தடம் மாறியிருப்பது, எப்ஸ்டீன் குறை ஆகிய இரண்டும் வலது பக்கத்தை விரிக்கும். எப்ஸ்டீனில் டிரைகஸ்பிட் வால்வு கீழே இறங்கி ஒட்டியிருக்கும், படபடப்பு பலருக்கு இளவயதிலேயே தொடங்கியிருக்கும்.

வயது வந்தபின் பிடிபடும் மற்றொன்று, இரண்டு கீழறைகளும் இடம் மாறியிருக்கும் திருத்தப்பட்ட தமனி மாற்றம். மொத்தப் பிறவிக் குறைகளில் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. வலது கீழறை வாழ்நாள் முழுக்க உடம்புக்கு ரத்தம் தள்ளும் வேலையைச் செய்கிறது. எக்கோவில் "மைட்ரல் (வழக்கமாக இடப்பக்கத்து வால்வு) கசிவு" என்று எழுதிவிடுவார்கள், கசிவது உண்மையில் டிரைகஸ்பிட் வால்வு. இவர்களுக்கு ஆண்டுதோறும் நூற்றில் இருவர் என்ற கணக்கில் முழு ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்குப் போகாமல் நிற்பது) வந்து பேஸ்மேக்கர் தேவைப்படும். ஆகவே நாற்பது வயதில் காரணமில்லாமல் ஹார்ட் பிளாக் வந்தால் பேஸ்மேக்கர் வைக்குமுன் இது இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மகாதமனிச் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பதோ இவை எல்லாவற்றையும்விட எளிது, இருந்தும் கோட்டைவிடுகிறார்கள். முப்பது வயதில் பிரஷர் மாத்திரை எடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு தடவையாவது காலிலும் பிரஷர் பாருங்கள். கையைவிடக் காலில் 20 புள்ளிக்கு மேல் குறைந்தால் உடனே சிடி.

இனி இப்போதைக்கு. அக்காவுக்கு டிரிப் போட நேர்ந்தால் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டை வழியாக மூளைக்குப் போக வழி உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள், ரத்தக்கட்டி அபாயம். கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் கத்தீட்டர் முடிவு வரும் வரை தள்ளிப்போடுங்கள். நுரையீரல் தடை கூடாத மேலறை ஓட்டையோடு பிரசவம் பொதுவாக நல்லபடியே முடியும், ஆனால் நுரையீரல் தமனி நோய் வந்துவிட்டிருந்தால் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கினால் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்பார்கள்: மூடாத மேலறை ஓட்டைக்கு வேண்டாம், ஒட்டு அல்லது ஸ்டென்ட் வைத்த முதல் ஆறு மாதம் வேண்டும். படபடப்பு வரும்போது அது நிற்பதற்குள் ஈசிஜி எடுத்துவிட முயலுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்று பதிவானால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவையா என்ற முடிவும், ஓட்டையை மூடும்போதே அதற்கும் சேர்த்து ஏதாவது செய்வதா என்ற முடிவும் அதை வைத்துத்தான். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது என்றால், வெறும் ஆஞ்சியோ நடக்கும் இடத்தைவிட, குழந்தைகள் இதய நோய்ப் பிரிவும் பிறவிக் குறைக்கான அறுவைக் குழுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். 41 வயதில் குழந்தைகள் இதய மருத்துவர் அறைக்கு முன் உட்காரத் தயக்கமாக இருக்கும், ஆனால் இந்த உடற்கூறு அவர்களுக்குத்தான் அத்துப்படி. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு. வார்டன் அறுவை சிகிச்சைக்கும் போர்த்திய ஸ்டென்ட்டுக்கும் முன் அனுமதி கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் தனித்தனியாகக் கேளுங்கள், ஸ்டென்ட்டின் விலை தனியாக வரக்கூடும். போகும்போது எக்கோவின் வீடியோ பதிவு, பழைய சிடி டிஸ்க், எல்லா ஈசிஜிகளும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.